ஓய்வுநிலை எஃப்.எம்.ஆர்.ஐ.: ஐ.சி.ஏ. கூறுகளில் எதை வைப்பது, எதை நீக்குவது?

கேள்வி: தருமபுரியில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்கிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 30 பேரின் ஓய்வுநிலை ஸ்கேன்களை (எந்த வேலையும் தராமல் சும்மா படுத்திருக்கும்போது எடுத்த மூளைப் படங்கள்) மெலோடிக்கில் தனித்தனியாக ஓட்டினேன். மெலோடிக் என்பது மூளைப் படங்களை ஆராயும் எஃப்.எஸ்.எல். மென்பொருளின் ஐ.சி.ஏ. கருவி; கலந்து கிடக்கும் சிக்னலைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரிக்கும். ஒருவருக்கு 41 கூறுகள் வந்திருக்கின்றன. முதல் கூறுதான் முக்கியமா? நீல நிறம் என்றால் அந்த இடம் வேலை செய்யவில்லை என்று அர்த்தமா?

பதில்: இரண்டும் இல்லை. தரவின் ஏற்ற இறக்கத்தில் எந்தக் கூறுக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்துத்தான் மெலோடிக் வரிசைப்படுத்துகிறது. தலை சற்று அசைந்தாலே சிக்னல் பெரிதாக மாறும் என்பதால், முதலிடத்தில் பல நேரம் தலையசைவுதான் உட்கார்ந்திருக்கும். நிறமும் அப்படியே. ஒரு கூறின் படத்தையும் அதன் நேரக்கோட்டையும் (அந்தக் கூறு நேரத்தோடு ஏறி இறங்கும் வரைபடம்) சேர்த்து -1 ஆல் பெருக்கினாலும் விடை மாறாது. ஆகவே குறி தற்செயலானது. ஒரே கூறுக்குள் சிவப்பும் நீலமும் வந்தால், அந்தக் கூறில் அவை எதிரெதிராக ஏறி இறங்குகின்றன என்று மட்டும் சொல்லலாம்.

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் தரம் பிரிப்பவர் தோல் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. காம்புப் பக்கம் பார்ப்பார், அழுத்தியும் பார்ப்பார். நீங்களும் படம், நேரக்கோடு, அதிர்வெண் வரைபடம் மூன்றையும் பார்த்துத்தான் ஒரு கூறை ஒதுக்க வேண்டும்.

படத்தில் முதலில் பார்க்க வேண்டியது, பொட்டுகள் சாம்பல்பொருளின் (நரம்புச் செல்கள் நிறைந்த பகுதி) மேல் விழுகின்றனவா என்பது. மூளை விளிம்பைச் சுற்றி வளையம் வந்தால் தலையசைவு. மூளைக்குள் நீர் நிற்கும் அறைகளான பக்க வென்ட்ரிக்கிள்களை நிரப்பினால் மூளைத்தண்டுவட நீர். நடுக்கோட்டில் பின்பக்கம் மேலிருந்து கீழாக ஓடினால் பெரிய சிரை. ஒரு ஸ்லைஸ் விட்டு ஒரு ஸ்லைஸ் பட்டையாக வந்தால் ஸ்கேனர் கோளாறோ தலையசைவோ. பின்சிங்குலேட், நடு முன்மூளை, இருபக்க ஆங்குலர் கைரஸ் மூன்றும் சேர்ந்து எழுந்தால் டிஃபால்ட் மோட் நெட்வொர்க் (ஓய்வில் சேர்ந்து ஏறி இறங்கும் மூளைப் பகுதிகளின் கூட்டம்), அதைத் தொடாதீர்கள்.

நேரக்கோட்டில் திடீர் முள்ளோ படிக்கட்டுத் தாவலோ இருந்தால் சந்தேகப்படுங்கள். மூளைச் சிக்னலின் வலு பெரும்பாலும் 0.01 முதல் 0.1 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். ஆனால் பலர் ஏமாறுவதும் இங்கேதான். 2 விநாடிக்கு ஒரு படம் எடுத்தால், 0.25 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதுவும் தன் இடத்தில் தெரியாது, மடிந்து கீழே வரும். நிமிடத்துக்கு 63 முறை துடிக்கும் இதயம் 1.05 ஹெர்ட்ஸ்; அது மடிந்து 0.05-ல் வந்து நிற்கும். வரைபடம் மட்டும் பார்த்தால் அசல் நெட்வொர்க் என்றே தோன்றும். படத்தில் மூளையடித் தமனிகளும் மூளைத்தண்டும் ஒளிர்வதுதான் காட்டிக்கொடுக்கும். இன்னொரு தவறு, ஐ.சி.ஏ.-வுக்கு முன்பே 0.1-க்கு மேல் வெட்டிவிடுவது. அந்த உயர் அதிர்வெண்தான் இரைச்சலின் அடையாளம்; அதை இழந்தால் பிரித்தறிவது கடினம். 100 விநாடியைவிட மெதுவான ஏற்ற இறக்கத்தை நீக்கும் ஹைபாஸ் வடிகட்டி மட்டும் போதும்.

சந்தேகமான கூறை நீக்காதீர்கள். இரைச்சல் கொஞ்சம் மிஞ்சுவதைவிட மூளைச் சிக்னலை எறிவது பெரிய நஷ்டம். பட்டியலை நீங்களும் நண்பரும் தனித்தனியாக எழுதி, மாறுபடும் எண்களை மட்டும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். பிறகு எஃப்.எஸ்.எல்.-இன் ரெக்ஃபில்ட் (fsl_regfilt) கட்டளையில் இரைச்சல் எண்களைக் கொடுங்கள். இயல்பாகவே அது மென்மையான முறையில் நீக்கும். -ஏ (-a) போட்டால் மூளைச் சிக்னலோடு பகிர்ந்த பங்கையும் சேர்த்து வெட்டிவிடும்.

ஒருவரின் 5-ஆம் கூறும் இன்னொருவரின் 5-ஆம் கூறும் ஒன்றல்ல. ஆட்களை ஒப்பிட, சுத்தம் செய்த 30 தரவையும் நேர அச்சில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரே குழு ஐ.சி.ஏ. ஓட்டி, டூயல் ரிக்ரெஷன் (குழுக் கூறு ஒவ்வொன்றுக்கும் ஆளுக்கொரு படம் எடுக்கும் முறை) செய்யுங்கள். கூறு எண்ணிக்கையை 20 என வைத்தால் பெரிய நெட்வொர்க்குகள் முழுதாக வரும்; 70-க்குப் போனால் அவை துண்டாகும். துண்டானது பிழையல்ல, ஆனால் 20-இல் வந்த பெயரை அதற்கு வைக்கக் கூடாது. 10 நெட்வொர்க்குகளைச் சோதித்தால் பி-மதிப்பின் வழக்கமான எல்லையான 0.05-ஐ 10 ஆல் வகுத்து 0.005-ஐ எல்லையாக வையுங்கள். ஆட்களை இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும்போது அவற்றின் சராசரித் தலையசைவு வேறுபட்டால், அதையும் மாடலில் சேர்த்த பிறகே முடிவை எழுதுங்கள்.