அம்பாசிடர் டிஸ்டிரிபியூட்டர்: மாற்றவா, பழுது பார்க்கவா?

கேள்வி: அப்பா ஓட்டிய 1976 அம்பாசிடர் மார்க் 3 பெட்ரோல் வண்டி இப்போது என்னிடம் இருக்கிறது. ஐடிலிங்கில் தடுமாறுகிறது, மேடு ஏறும்போது மிஸ் ஆகிறது. டிஸ்டிரிபியூட்டரில் ஆட்டம், மொத்தமாகத் தூக்கிவிட்டு வேறு மாட்டலாம் என்கிறார் மெக்கானிக். சம்மதிக்கலாமா?

பதில்: அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வண்டியில் இருப்பது 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) இன்ஜின். அதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறியைப் பிரித்து அனுப்பும் லூகாஸ் வகை டிஸ்டிரிபியூட்டரின் அலுமினிய உடல் லேசில் கெடாது. தேய்வதெல்லாம் உள்ளே இருக்கும் சின்னச் சாமான்கள். அம்பாசிடர் உற்பத்தியே 2014-இல் நின்றுவிட்டது. கையில் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

முதலில் ஆட்டம் எது என்று நீங்களே பாருங்கள். மேல்மூடியான கேப்பையும், அதனுள் சுழலும் ரோட்டரையும் கழற்றிவிட்டு ஷாஃப்டின் தலையைப் பிடியுங்கள். சுற்றும் திசையில் கொஞ்சம் திரும்பி, விட்டதும் ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்கு வந்தால் அது கோளாறே இல்லை. பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, முன்னே தள்ளும் வெயிட்டுகளின் வேலை. பக்கவாட்டில் டக் டக்கென்று ஆடினால்தான் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அப்புறம் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து, ஷாஃப்டில் உள்ள கேமின் நாலு முனையிலும் பாயிண்ட் (திறந்து மூடி மின்சாரத்தைத் துண்டிக்கும் முனைகள்) இடைவெளியை அளந்து பாருங்கள். 14 முதல் 16 தௌ வரை (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும். ஒரு முனையில் 15, இன்னொன்றில் 10 என்று வந்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறி வெவ்வேறு நேரத்தில் போகிறது என்று அர்த்தம். உங்கள் ஐடிலிங் தடுமாற்றத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இதை நல்ல லேத் கடையில் சரிசெய்துவிடலாம். வெண்கல புஷ்ஷை ஒரு நாள் இன்ஜின் ஆயிலில் ஊறவைத்து, பிறகு அடிக்கச் சொல்லுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: ஷாஃப்டை இன்ஜினோடு இணைக்கும், கீழே உள்ள டிரைவ் டாக்கின் பின்னைத் தட்டி எடுக்கும் முன், ரோட்டர் காடிக்கு நேராக ஒரு கோடு கீறிவைக்க வேண்டும். டாக்கைப் பக்கம் மாற்றி மாட்டிவிட்டால் டைமிங் நேர் எதிர்ப்பக்கம் போய்விடும், வண்டி கிளம்பாது. வெயிட்டுகளின் இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று தளர்ந்து தெரிந்தால் பிடுங்கிப் போடாதீர்கள். பல டிஸ்டிரிபியூட்டர்களில் தயாரிக்கும்போதே அப்படித் தளர்வாகத்தான் வைத்திருப்பார்கள்.

ஷாஃப்டே தேய்ந்திருந்தால் மட்டும் வேறு தேடுங்கள். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழையது கிடைக்கும். உடலில் பொறித்த எண் உங்களுடையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தே வாங்குங்கள். எண் மாறினால் உள்ளே ஸ்பிரிங்கும் மாறலாம்.

பாயிண்டுக்குப் பதிலாக மாட்டும் எலக்ட்ரானிக் கிட் கெட்டதல்ல. ஆனால் ஆடும் ஷாஃப்டின் மேல் அதை மாட்டுவது வீண் செலவு. நடுவழியில் அது போனால் டிக்கியில் பழைய பாயிண்ட் செட் இருந்தால்தான் வீடு வந்து சேரலாம்.

கேள்வி: புதிதாக வாங்கிய ரோட்டர் பத்து நாளில் போய்விட்டது. பில் தரவில்லை. எலக்ட்ரிக்கல் சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார் கடைக்காரர்.

பதில்: பில் தர மறுப்பதும், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. திரும்ப எடுப்பதற்கு பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. பணத்தை போனில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவையே ஆதாரமாகக் காட்டுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகார் சொல்லலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது.

அடுத்து வாங்கும்போது ரோட்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பிடித்திருந்தால் வேண்டாம். அந்த ரிவெட் வழியாகவே பொறி பிளாஸ்டிக்கைத் துளைத்து ஷாஃப்டுக்குப் பாய்ந்துவிடும். ரிவெட் இல்லாமல் வார்த்தது கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. கேப் வாங்கினால் நடுவில் உள்ள கார்பனை விரலால் அழுத்துங்கள். ஸ்பிரிங் போல் மேலே வர வேண்டும். போன ரோட்டரைத் தூக்கி எறிய வேண்டாம், புகாருக்கு அது வேண்டும்.