அட்டெண்டன்ஸ் 68 சதவீதம்... தேர்வு எழுத விடுவார்களா?

கேள்வி: அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் என் மகன் பி.இ. மூன்றாம் செமஸ்டர் படிக்கிறான். டெங்கு வந்து மூன்று வாரம் கல்லூரிக்குப் போகவில்லை. இப்போது வருகை 68 சதவீதம் என்கிறார்கள். ஒரு வருடம் வீணாகிவிடுமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: வீணாகாதம்மா. 2021 விதிமுறைப்படி 75 சதவீதம் இருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். 65-க்கு மேல், 75-க்குள் என்றால் நோயைக் காரணம் காட்டித் தேர்வு எழுதலாம். அதற்கு மருத்துவச் சான்றில் முதல்வர் கையெழுத்திட்டு, அது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் போய்ச் சேர வேண்டும். 65-க்குக் கீழே இறங்கிவிட்டால் எந்தச் சான்றும் செல்லாது. அந்த செமஸ்டரை அடுத்த ஆண்டு ஜூனியர்களோடு உட்கார்ந்து படிக்க வேண்டியதுதான்.

68 என்பது இன்றுவரையிலான கணக்கு. உதாரணத்துக்கு, இதுவரை 425 பீரியடில் 290 வந்திருக்கிறான், இன்னும் 75 பீரியட் பாக்கி என்று வையுங்கள். ஒன்றுவிடாமல் போனால் 500-க்கு 365, அதாவது 73 சதவீதம். 75-ஐத் தொட முடியாது. ஆகவே சான்று கட்டாயம். பாக்கி நாட்களில் மேலும் லீவு போட்டால் 65-ஐ நோக்கிச் சரிவான் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெரும்பாலும் சிக்கல் வருவது சான்றின் தேதியில்தான். ‘ஒரு மாதம் ஓய்வு தேவை’ என்று மொத்தமாக எழுதி வாங்குகிறார்கள். அந்த மாதத்தில் இரண்டு நாள் லேபுக்கு வந்ததாக வருகைப் பதிவு சொல்லும். அதோடு சான்றின் மீதே சந்தேகம் வந்துவிடும். எனவே டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை முடிவு, மருத்துவரின் பதிவு எண்ணோடு சான்று, திரும்பப் போகலாம் என்ற ஃபிட்னஸ் சான்று ஆகிய நான்கும் ஒரே தேதிகளைச் சொல்லட்டும். டியூட்டரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது கணக்கில் வராது. துறைத் தலைவர் வழியாக முதல்வருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தவறவிட்ட இன்டர்னல் டெஸ்டுக்கு மறுவாய்ப்பையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அப்பா இறந்து ஐந்து நாள்தான் ஆகிறது. அடுத்த வாரம் செமஸ்டர் தேர்வு. எழுதாமல் விட்டால் அரியர்தானா? – பி.இ. மாணவர், சேலம்

பதில்: சொல்லாமல் விட்டால் அரியர்தான். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி ‘வித்ட்ராயல்’ (தேர்விலிருந்து விலகிக்கொள்வது) கேட்டு அனுமதி வாங்கினால் அந்தத் தேர்வு ஒரு முயற்சியாகவே எண்ணப்படாது. டிஸ்டிங்ஷன் வாய்ப்பும் போகாது. வருகைத் தகுதி இருக்க வேண்டும். பத்து நாள் முன்னதாகக் கேட்க வேண்டும் என்பது பொது விதி. அசாதாரண சூழலில் அதைத் தளர்த்தலாம் என்று விதியிலேயே இருக்கிறது. உங்கள் நிலைமை அதற்குப் பொருந்தும். இறப்புச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை என்றால், கையில் இருக்கும் மருத்துவமனை அல்லது பஞ்சாயத்து ஆவணத்தை வைத்து இன்றே விண்ணப்பியுங்கள். படிப்புக் காலம் முழுவதற்கும் ஏதாவது ஒரு செமஸ்டரில் மட்டுமே இந்தச் சலுகை உண்டு. எழுத முடிகிற தாள்களை எழுதிவிட்டு, முடியாதவற்றுக்கு மட்டும் கேட்கலாம்.

கேள்வி: கை நடுக்கத்தால் வேகமாக எழுத முடியவில்லை. ஊனம் 40 சதவீதத்துக்குக் குறைவு என்பதால் ஸ்க்ரைப் (நான் சொல்லச் சொல்ல எழுதுபவர்) தர மறுக்கிறார்கள். – கல்லூரி மாணவி

பதில்: 40 சதவீதம் இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. அதையொட்டி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. தீர்ப்பைக் குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள். ‘எழுதுவதில் சிரமம்’ என்று அரசு மருத்துவமனைச் சான்று வேண்டும். கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடம். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். ஸ்க்ரைபை நீங்களே கூட்டி வந்தால் அவர் உங்களைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும்.

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். காலை வகுப்புகள் தவறுகின்றன. காரணத்தை எழுதிக் கொடுத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமோ? – பி.டெக். மாணவி

பதில்: சான்றில் நோயின் பெயர் வேண்டாம், சிகிச்சைக் காலமும் படிப்பைப் பாதித்த விதமும் மட்டும் போதும் என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. காலையில் தூக்கம் அழுத்தினால் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். நேரத்தையோ அளவையோ மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ (டெலி மானஸ்) அழையுங்கள். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் பேசலாம்.

இந்த செமஸ்டர் முடியவே முடியாது என்று தோன்றினால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாளுக்கு முன்பே ‘பிரேக் ஆஃப் ஸ்டடி’ (படிப்பை இடையில் நிறுத்தி வைக்க அனுமதி) கேளுங்கள். ஒரே தவணையாக அதிகபட்சம் ஓராண்டு. கல்விக் கடன் இருந்தால் அந்த அனுமதிக் கடிதத்தின் நகலை வங்கியில் கொடுத்து, படிப்புக் காலத்தை நீட்டிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பழைய முடிவுத் தேதியை வைத்தே தவணை கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.