சாமி அலமாரியில் ஒரு படிவம்

கேள்வி: அமெரிக்காவில் 28 ஆண்டுகளாக வசிக்கிறோம். மகனுக்கு 26 வயது, இங்கேயே பிறந்தவன். வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் கார் விபத்து. கழுத்தில் தண்டுவடம் அடிபட்டு மூன்று வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறான். அவன் பெயரில் 27,000 டாலர் மத்திய அரசுக் கல்விக்கடன், என் கணவர் பெயரில் 40,000 டாலர் பேரன்ட் ப்ளஸ் கடன் (பிள்ளையின் படிப்புக்காகப் பெற்றோர் வாங்கும் மத்திய அரசுக் கடன்). அவன் கடனுக்கு மாதம் 290 டாலர் நாங்கள்தான் கட்டுகிறோம். நிரந்தர இயலாமை என்று காட்டி அதை ரத்து செய்யலாம் என்று டாக்டர் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். மகனும் விரல் இடுக்கில் பேனாவைப் பட்டையால் கட்டிக்கொண்டு, கால் மணி நேரம் எடுத்துக் கையெழுத்துப் போட்டான். கணவருக்கு மனமில்லை. ‘நிரந்தரம் என்ற வார்த்தையை என் பிள்ளை மேல் எழுதிக் கொடுக்க மாட்டேன், கடன் வாங்கினால் கட்டுவதுதான் நம் வழக்கம்’ என்கிறார். நான்கு மாதமாகப் படிவம் சாமி அலமாரியில் இருக்கிறது. மகன் இரண்டு தடவை கேட்டான், அனுப்பியாச்சு என்று சொல்லிவைத்தேன். நகைகளை விற்று அவன் கடனை மொத்தமாக அடைத்துவிடலாமா?

பதில்: சகோதரி, நகையைப் பற்றி அப்புறம் பேசலாம். ‘அனுப்பியாச்சு என்று சொல்லிவைத்தேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதற்கு வாருங்கள்.

இப்படி வரும் கடிதங்களில் அநேகமாக எல்லாவற்றிலும் பிள்ளையின் நோய் இருக்கும், பணம் இருக்கும், அப்பாவின் கௌரவம் இருக்கும். பிள்ளை என்ன சொன்னான் என்பது மட்டும் இருக்காது. உங்கள் மகன் சொல்லிவிட்டான். கால் மணி நேரம் போராடிப் போட்ட அந்தக் கையெழுத்துதான் அவன் பதில். 26 வயது ஆண் தன் பெயரில் உள்ள கடனைப் பற்றித் தானே எடுத்த முடிவு அது. அதை எடுத்துக் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு முறை பொய்யும் சொல்லியிருக்கிறீர்கள். அவனுக்கு இயங்காதது கையும் காலும்தான். முடிவெடுக்கும் உரிமையையும் நீங்கள் ஏன் பிடுங்குகிறீர்கள்? பாசத்தால் செய்தேன் என்பீர்கள். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் அவனிடம் செய்யக் கூடாததைச் செய்திருக்கிறீர்கள்.

அந்தப் பொய்க்கு விலையும் உண்டு. டாக்டர் கையெழுத்திட்ட தேதியிலிருந்து 90 நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. நான்கு மாதம் ஆகிவிட்டது, அந்தப் படிவம் இனி செல்லாது. இன்னொன்றும் உண்டு. கடன் ரத்தானால், டாக்டர் சான்றளித்த தேதிக்குப் பிறகு கட்டிய தவணைகளைக் கட்டியவருக்கே திருப்பித் தருவார்கள். அன்றே அனுப்பியிருந்தால் இந்த நான்கு மாதத்தின் 1,160 டாலரும் உங்களுக்கு வந்திருக்கும். இனி புதுச் சான்றிதழின் தேதிதான் கணக்கு.

உங்கள் கணவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஐயா, ‘நிரந்தரம்’ என்ற சொல் உங்களைச் சுடுவது எனக்குப் புரிகிறது. எந்தத் தகப்பனால் அதைத் தாங்க முடியும்? ஆனால் அந்தப் படிவம் உங்கள் பிள்ளையின் தலையெழுத்தை எழுதுவதில்லை. வருமானம் தரும் வேலை எதையும் செய்ய முடியாத நிலை 60 மாதம் நீடிக்கும் என்று எதிர்பார்க்கலாமா, அவ்வளவுதான் டாக்டரிடம் கேட்கிறார்கள். நாளைக்கே அவன் தேறி வேலைக்குப் போனாலும் சம்பளம் வாங்குகிறான் என்பதற்காகப் பழைய கடன் திரும்பி வராது. முன்பு மூன்று வருடம் வருமானத்தைக் கண்காணித்தார்கள், 2023 ஜூலையிலிருந்து அது கிடையாது. ரத்தாகி மூன்று வருடத்துக்குள் புதிதாக மத்திய அரசுக் கல்விக்கடனோ, ஆசிரியர் பணிக்குப் படிப்பவர்களுக்கான டீச் மானியமோ வாங்கினால் மட்டும் ரத்தான கடன் மறுபடி உயிர்பெறும். மேலே படிக்க ஆசைப்பட்டால் அதை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

வாங்கிய கடனைக் கட்ட வேண்டும் என்கிறீர்கள். நானும் அப்படி நினைத்து வளர்ந்தவன்தான். ஆனால் இந்தக் கடனை வாங்கும்போது உங்கள் மகன் கையெழுத்திட்ட கடன் பத்திரத்திலேயே இந்த ரத்தைப் பற்றியும் சொல்லியிருக்கிறது. அவன் யாரிடமும் கையேந்தவில்லை, ஒப்பந்தத்தில் உள்ளதைத்தான் கேட்கிறான். இயலாமை உதவித்தொகை தரும் மத்திய அரசு அமைப்பான சோஷியல் செக்யூரிட்டியின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, 3,23,000க்கும் அதிகமானவர்களின் 580 கோடி டாலர் கடனை அவர்கள் விண்ணப்பிக்காமலேயே ரத்து செய்வதாக 2021 ஆகஸ்ட்டில் கல்வித்துறையே அறிவித்தது. அவர்களை எல்லாம் கடனைக் கட்டாமல் ஏமாற்றியவர்கள் என்பீர்களா?

கட்ட வேண்டிய கடன் ஒன்று உங்கள் பெயரில் இருக்கிறது. பிள்ளைக்கு இயலாமை வந்தாலும் பேரன்ட் ப்ளஸ் ரத்தாகாது. கடன் வாங்கிய பெற்றோருக்கே அந்த நிலை வந்தால்தான் இந்த விதி பொருந்தும். அந்த 40,000 உங்கள் பொறுப்பு. உங்கள் வழக்கத்தை அதில் காப்பாற்றுங்கள், மகன் கடனில் வேண்டாம்.

சரி சகோதரி, நகைக்கு வருகிறேன். விற்காதீர்கள். உங்களுக்கு 75 வயதாகும்போது அவனைப் படுக்கையிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைக்க யார் இருப்பார்கள்? ஆள் வைக்கப் பணம் வேண்டும். அதற்காக வைத்திருங்கள். சட்டப்படி போகக்கூடிய கடனில் அதைக் கொட்டுவது அவனுடைய வருங்காலத்தை அவனுக்குத் தெரியாமல் செலவழிப்பதுதான்.

மற்றது சுலபம். ரத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறோம் என்று கல்வித்துறையிடம் தெரிவித்தாலே 120 நாள் வரை வசூலை நிறுத்திவைப்பார்கள், அதை நாளைக்கே செய்யுங்கள். மகனே போனில் பேசலாம். அவன் விரும்பினால் உங்களைப் பிரதிநிதியாக நியமிக்கலாம், அதற்குத் தனிப் படிவம் உண்டு. சோஷியல் செக்யூரிட்டி முடிவு வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, டாக்டர் சான்று தனி வழி. அந்த டாக்டரைப் பார்க்க நாளாகும் என்றால் நர்ஸ் பிராக்டிஷனரோ ஃபிசிஷியன் அசிஸ்டன்டோ சான்றளித்தாலும் இப்போது ஏற்கிறார்கள். ரத்தாகும் தொகைக்கு மத்திய வருமான வரி கிடையாது, 2017ல் வந்த அந்த விலக்கை 2025ல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். மாநில வரியை மட்டும் உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் அந்தப் பழைய படிவத்தை எடுத்துக்கொண்டு போய் மகனிடம் காட்டுங்கள். அனுப்பவில்லை என்று சொல்லுங்கள். அவன் கோபப்படுவான், படட்டும். அப்பாதான் காரணம் என்று மட்டும் சொல்லாதீர்கள், ‘ஆச்சு’ என்று சொன்னது நீங்கள். புதுப் படிவம் வந்ததும் அவன் மறுபடி பேனாவைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும், மறுபடி கால் மணி நேரம் ஆகும். அப்போது காகிதம் நகராமல் உங்கள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளட்டும்.