40 வீடுகள் சேர்ந்து மொட்டைமாடியில் சோலார் போடுகிறோம். கரண்ட் பயன்பாட்டைக் கவனிக்க எந்த ஆப் நல்லது? எல்லாரையும் ஒத்துழைக்க வைப்பது எப்படி?

ஆப் விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன். பெரும்பாலும் இன்வெர்ட்டர் கம்பெனியே ஒன்றைக் கொடுத்துவிடும். முதல் வாரம் எல்லாரும் திறந்து பார்ப்பார்கள், இரண்டாவது மாதம் செயலாளர் மட்டும் பார்ப்பார். அதற்கென்று தனியாகக் காசு செலவழிக்காதீர்கள். உங்கள் இரண்டாவது கேள்விதான் விஷயம். அதற்கான பதில் எனக்கு எங்கள் ஜெனரேட்டர் ரூமில் கிடைத்தது.

2012ல் கோயம்புத்தூரில் இருந்தவர்களுக்கு அந்த மின்வெட்டு மறந்திருக்காது. பாதி நாள் கரண்டே இருக்காது. எங்கள் அப்பார்ட்மெண்டில் 28 வீடுகள். லிப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் என்று வாங்கிய ஜெனரேட்டரிலிருந்து வீடுகளுக்கும் லைன் இழுத்தோம். கமிட்டியில் நாலு ஆண்கள் உட்கார்ந்து, வீட்டுக்கு 500 வாட்ஸ் என்று கணக்குப் போட்டு லிமிட்டர் மாட்டினோம். மூன்று ஃபேன், நாலு லைட், ஒரு டிவி தாங்கும். மீறினால் அந்த வீட்டுக்கு மட்டும் கட் ஆகும். எங்களுக்கு ரொம்பப் பெருமை.

முதல் வாரமே சண்டை. சட்னிக்கு மிக்ஸி போட்டால் டப். ஃபேனை எல்லாம் நிறுத்திவிட்டுப் போட்டாலும் டப், ஏனென்றால் மிக்ஸி மட்டுமே 750 வாட்ஸ். நாலு பேர் போட்ட கணக்கில் மிக்ஸியே இல்லை! இரண்டாவது மாடியில் ஒருவர் எலக்ட்ரீஷியனைப் பிடித்து லிமிட்டரை பைபாஸ் செய்துவிட்டார். அது தெரிந்ததும் இன்னும் மூன்று வீடுகள். ஒருநாள் சாயங்காலம் ஜெனரேட்டரே நின்று, காய்கறிப் பையோடு ஒரு பாட்டி லிப்டுக்குள் மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு, மில்லில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் ஒரு காரியம் செய்தார். நாற்பது பக்க நோட்டு ஒன்றை நூல் கட்டி ஜெனரேட்டர் ரூம் கதவில் தொங்கவிட்டார். இன்று எத்தனை மணி நேரம் ஓடியது, டீசல் எத்தனை லிட்டர், வீட்டுக்கு எவ்வளவு விழுகிறது, அவ்வளவுதான். யார் பெயரும் இல்லை, யாரையும் குறை சொல்லவும் இல்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு முதல்முறையாகப் பெண்களும் வந்தார்கள். பத்தே நிமிடத்தில் தீர்வு வந்தது: காலை ஏழிலிருந்து எட்டரை வரை தண்ணீர் மோட்டார் ஓடக்கூடாது, அதற்குப் பதிலாக வீட்டுக்கு 800 வாட்ஸ். பைபாஸ் செய்த வீடுகளும் லிமிட்டரைத் திரும்ப மாட்டிக்கொண்டன. நாங்கள் நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை.

இதே கதையைப் பிறகு ஸ்காட்லாந்தில் ஒரு தீவைப் பற்றிப் படித்தபோது பார்த்தேன். தீவின் பெயர் எக் (ஆமாம், முட்டையைச் சொல்வது போலத்தான்). சுமார் நூறு பேர் வாழும் இடம். 1997ல் தீவையே ஊர்க்காரர்கள் சேர்ந்து விலைக்கு வாங்கினார்கள். 2008 வரை பெரும்பாலான வீடுகளில் டீசல் ஜெனரேட்டர்தான். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஓடைத் தண்ணீர், காற்று, சூரியன் மூன்றையும் சேர்த்து பேட்டரியோடு சொந்த மின்சாரம் கொண்டுவந்தார்கள். விதி ஒன்றுதான்: வீட்டுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாட், கடை கண்ணிக்கு 10 கிலோவாட். பணக்காரர், ஏழை எல்லாருக்கும் அதே அளவு. மீறினால் கரண்ட் போய்விடும். திரும்ப வேண்டுமென்றால் பராமரிப்புக் குழுவைக் கூப்பிட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் குழுவில் இருப்பவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். அபராதத்தைவிட அந்தக் கூச்சம்தான் அதிகம் வேலை செய்யும் என்பது என் கணிப்பு.

அங்கே வீட்டுக்குள் ஒரு சின்ன டிஸ்ப்ளே இருக்கும், இப்போது எத்தனை வாட்ஸ் போகிறது என்று காட்ட. கெட்டில் கொதிக்கும்போது வாஷிங் மெஷினைப் போடலாமா என்பதை அதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். மழையும் காற்றும் குறைந்த நாளில் 'கொஞ்சம் பார்த்துச் செலவழியுங்கள்' என்று சொல்லிவிடுவார்கள். அதிகமாக வரும் நாளில் மிச்ச கரண்டைக் கொண்டு ஊர்ப் பொதுக் கூடத்தைச் சூடேற்றுவார்கள். இதை நான் ரொம்ப ரசித்தேன். குறை என்று மட்டும் சொல்லாமல், மிஞ்சினால் எல்லாருக்கும் கிடைக்கும் என்றும் காட்டுகிறார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். பீகாரில் தர்னாய் என்ற கிராமம். கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 2014ல் அங்கே 100 கிலோவாட் சோலார் மைக்ரோகிரிட், அதாவது அந்த ஊருக்கு மட்டுமான சின்ன மின்சார ஏற்பாடு, அமைத்தது. ஃப்ரிட்ஜ் கூடாது, அயர்ன் பாக்ஸ் கூடாது என்று கட்டுப்பாடு. கிட்டத்தட்ட எக் தீவின் விதியைப் போலத்தான் தெரியும், ஆனால் இங்கே அதை வெளியிலிருந்து வந்தவர்கள் போட்டார்கள். தொடக்க விழாவுக்கு நிதிஷ் குமார் வந்தபோது, 'எங்களுக்கு நிஜ கரண்ட் வேண்டும்' என்று மக்கள் கேட்டார்கள். கொஞ்ச நாளில் அரசு லைனும் வந்தது, விலையும் குறைவு. சோலார் கேட்பாரற்றுப் போய், அந்த இடத்தில் மாடு கட்டும் நிலைமை வந்தது. அந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் மிக்ஸியைக் கேட்காமல் போட்ட 500 வாட்ஸ்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

இந்தப் பேச்சு வந்தாலே எங்கள் பக்கம் ஓடந்துறை ஊராட்சியைச் சொல்வார்கள். 2006ல் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வாங்கிய ஊர். அருமையான வேலை. ஆனால் அது கரண்டை விற்று ஊருக்கு வருமானம் பார்த்த கதை. பக்கத்து வீட்டுக்காரரை மோட்டாரை நிறுத்தச் சொல்வது எப்படி என்பதற்கு அதில் பதில் கிடையாது.

உங்கள் 40 வீடுகளுக்கு நான் சொல்வது: பேனல் மாட்டும் முன்பே லிப்ட், மோட்டார், பொது விளக்கு மூன்றுக்கும் தனித்தனி சப் மீட்டர் (அந்தந்த லைனில் எவ்வளவு போகிறது என்று மட்டும் காட்டும் சின்ன மீட்டர்) போட்டு ஒரு மாதம் எழுதிவையுங்கள். எங்கே போகிறது என்று தெரியாமல் கூட்டம் போட்டால், ஏசி வைத்திருப்பவர் யார் என்றுதான் பேச்சு போகும். தண்ணீர் மோட்டாரை அதிகாலையிலிருந்து, வெயில் ஏறி சோலார் நன்றாக வரும் பதினோரு மணிக்கு மாற்றுங்கள். 5 எச்பி மோட்டார் மூன்று மணி நேரம் ஓடினால் சுமார் 11 யூனிட். மிச்சமான சோலார் கரண்டை மின்வாரியத்துக்குக் கொடுத்தால் யூனிட்டுக்குக் கிடைப்பது, அவர்களிடம் வாங்கும் யூனிட்டுக்குக் கொடுப்பதைவிடக் குறைவென்றால் இந்த ஒரு மாற்றமே பில்லில் தெரியும். டைமர் போதும், ஸ்மார்ட் எல்லாம் வேண்டாம். விதி எதுவானாலும் கமிட்டியில் எழுதிவிட்டுப் படித்துக் காட்டாதீர்கள். கூட்டத்தில் உருவாகட்டும், மூன்று மாதம் கழித்து மாற்றலாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

எங்கள் மாடியிலும் இப்போது 10 கிலோவாட் சோலார் இருக்கிறது. நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 40 யூனிட் வரும். நோட்டு போய் லிப்ட் பக்கத்தில் ஒரு வைட்போர்டு வந்திருக்கிறது. நேற்றைய யூனிட்டை வாட்ச்மேன் தினமும் காலையில் எழுதிவைப்பார். போன வாரம் விடாமல் மழை, போர்டில் 9 என்று இருந்தது. ஸ்கூல் வேனுக்கு நின்ற ஒரு பொடியன் கேட்கிறான்: "என்னண்ணா, நேத்து ஃபெயிலா?"