கிம்ப் 2.8 புத்தகத்தை இப்போது வாங்கலாமா?

அப்பா அம்மாவின் பழைய கல்யாணப் படத்தைச் சரிசெய்ய, பழைய புத்தகக் கடையில் பார்த்த கிம்ப் 2.8 (படங்களைத் திருத்தும் இலவச மென்பொருளின் பழைய பதிப்பு) புத்தகத்தை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். 2.8 வந்தது 2012-இல். லேயர் (படத்தின் அடுக்கு), மாஸ்க் (அடுக்கில் வேண்டாத இடத்தை மறைப்பது), கர்வ்ஸ் (வெளிச்சத்தைச் சரிசெய்வது), குளோன் (ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தை மூடுவது) எல்லாம் இன்றும் அதே அடிப்படைதான். ஃபில்டர்தான் (மங்கலாக்குவது, கூர்மையாக்குவது போன்றவை) மாறிவிட்டது: அப்போது போட்டால் போட்டதுதான், கிம்ப் 3.0-இல் பிறகும் திருத்தலாம். அதனால் பாதி விலை என்றால் சரி.

கடையிலேயே லேயர் மாஸ்க் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும் என்பதை ஒரு படத்தை வைத்துச் செய்துகாட்டியிருந்தால் வாங்குங்கள். மெனுவை வரிசையாக ஒப்பித்தால் வைத்துவிடுங்கள்; அதற்கு கிம்ப் தளத்தில் இலவசக் கையேடே இருக்கிறது.

அப்புறம், படத்தை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். நான் 150-இல் எடுத்துவிட்டு, அம்மாவின் மூக்குத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன்.