ஆக்சஸ் லிஸ்ட்டில் தடுக்கி விழுந்த தம்பிக்கு

தம்பி, சப்நெட்டிங் (நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது) வரை சரளமாக வந்தது, எந்தப் போக்குவரத்தை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று ரவுட்டருக்குச் சொல்லும் ஆக்சஸ் லிஸ்ட்டைத் தொட்டதும் தலை சுற்றுகிறது, நெட்வொர்க்கிங்கே எனக்கு ஒத்துவராதோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பாடத்துக்காகத் துறையை மாற்றச் சொல்ல மாட்டேன். அதற்காக மனப்பாடம் பண்ணி ஒப்பேற்றிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். சிஸ்கோவின் சிசிஎன்ஏ 200-301 தேர்வின் பாடத்திட்டத்திலேயே அது இருக்கிறது. நேர்காணலிலும் சுற்றி வளைத்துக் கேட்பார்கள்.

இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள். பெர்மிட் என்றால் அனுமதி, டினை என்றால் மறு, ஹோஸ்ட் என்றால் ஒரே ஒரு கணினி, எனி என்றால் எந்த முகவரியும்.

பெர்மிட் ஐபி 192.168.10.0 0.0.0.255 எனி
டினை ஐபி ஹோஸ்ட் 192.168.10.5 எனி

5-இல் முடியும் கணினியைத் தடுப்பதுதான் எழுதியவரின் எண்ணம். ஆனால் தடுபடாது. ரவுட்டர் மேலிருந்து கீழே படிக்கும். பொருந்துகிற முதல் வரியோடு நிறுத்திவிடும். அந்தக் கணினியும் முதல் வரியின் வரம்புக்குள் வந்துவிடுவதால் இரண்டாவது வரிக்கு வேலையே இல்லை. வரிகளை இடம் மாற்றினால் தீர்ந்தது. 0.0.0.255 என்பது வைல்டுகார்டு மாஸ்க்: 0 உள்ள பிட் அப்படியே ஒத்துப்போக வேண்டும், 1 உள்ள பிட் எதுவாகவும் இருக்கலாம். உங்களுக்குத்தான் சப்நெட்டிங் தெரியுமே, இதில் தயங்க ஒன்றுமில்லை.

கடைசி வரிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் "எல்லாவற்றையும் மறு" என்று ஒரு வரி உண்டு. வெறும் டினை வரிகளை மட்டும் எழுதி மாட்டினால் மொத்தப் போக்குவரத்தும் நின்றுவிடும். பாதுகாப்பான இணையதளங்களுக்கான போர்ட் 443-ஐ அனுமதித்துவிட்டு, பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸின் போர்ட் 53-ஐ மறந்தவர்களும் இங்கேதான் மாட்டுவார்கள்: ஐபி முகவரிக்குப் போகும், பெயரைத் தட்டினால் திறக்காது.

லிஸ்ட்டை எந்தத் திசையில் மாட்டுவது என்ற இன், அவுட் குழப்பத்துக்கு ஒரே வழி, மனதால் ரவுட்டருக்குள் போய் நின்றுகொள்வது. லிஸ்ட்டை மாட்டிய இன்டர்ஃபேஸ் (ரவுட்டரின் இணைப்பு முனை) வழியாக உங்களை நோக்கி வந்தால் இன், உங்களை விட்டுப் போனால் அவுட். ஸ்டாண்டர்டு லிஸ்ட் அனுப்புநரை மட்டும் பார்க்கும். எக்ஸ்டெண்டட் லிஸ்ட் பெறுநர், புரோட்டோகால், போர்ட் எண் வரை பார்க்கும்.

இன்னொன்று, பலர் சறுக்குமிடம். சாதாரண ஆக்சஸ் லிஸ்ட்டுக்கு ஞாபகம் கிடையாது. உள்ளேயிருந்து போன கேள்விக்குத்தான் இந்தப் பதில் வருகிறது என்று அதற்குத் தெரியாது. திரும்பி வரும் பாக்கெட்டுக்கும் (தரவுத் துண்டுக்கும்) தனியாக வழிவிட வேண்டும். வரியில் சேர்க்கும் எஸ்டாப்ளிஷ்டு என்ற சொல், டிசிபி பாக்கெட்டில் ஏசிகே (பெற்றேன்) அல்லது ஆர்எஸ்டி (இணைப்பை முறி) பிட் இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. அந்த பிட்கள் இல்லாத யுடிபிக்கு அது உதவாது.

ஆலோசனை சொல்ல வருவதற்கு முன் நானும் இந்த வேலையில்தான் இருந்தேன். தொலைவிலிருந்த ஒரு ரவுட்டரில் லிஸ்ட்டை மாட்டினேன். தொலைவிலிருந்து ரவுட்டரை இயக்க வைத்திருந்த என் எஸ்எஸ்ஹெச் இணைப்புக்கு போர்ட் 22-ஐத் திறக்க மறந்திருந்தேன். எண்டர் தட்டியதும் திரை உறைந்தது. யாரோ நேரில் போய் மின்சாரத்தை நிறுத்திப் போட்டுத்தான் மீட்டார்கள். அன்றிலிருந்து முதலில் "ரீலோட் இன் 10" கொடுப்பேன், மாற்றத்தைச் சேமிக்க மாட்டேன். நான் வெளியே மாட்டிக்கொண்டாலும் பத்து நிமிடத்தில் ரவுட்டர் பழைய அமைப்போடு எழுந்துவிடும். எல்லாம் சரி என்றால் "ரீலோட் கேன்சல்", பிறகுதான் சேமிப்பு. நேர்காணலில் இதைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த கேள்வியின் தொனியே மாறும்.

இந்த வாரம் பாக்கெட் ட்ரேசர் என்ற பயிற்சி மென்பொருளில் ஐந்து வரிகளில் ஒரு லிஸ்ட் எழுதுங்கள். எந்த பாக்கெட் எந்த வரியில் நிற்கும் என்று முதலில் தாளில் குறியுங்கள். பிறகு அனுப்பிப் பார்த்து, "ஷோ ஆக்சஸ்-லிஸ்ட்ஸ்" காட்டும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாத வரிகளை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.