ஐந்து கேள்விக்கு ஏழு சொல்

அன்புள்ள அக்கா,

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஓர் இணைய இதழுக்குக் காற்பந்துச் செய்தி எழுதுகிறேன். போன வாரம் ஜாலான் புசார் அரங்கில் ஆட்டம் முடிந்தபின் நாற்பது நிமிடம் காத்திருந்து, தோற்ற அணியின் தற்காப்பு ஆட்டக்காரரைப் பிடித்தேன். தமிழ்ப் பையன், கிட்டத்தட்ட என் வயது. நான் கேட்டதும் அவர் சொன்னதும் இதுதான்:

“இந்தத் தோல்வியை எப்படி உணர்கிறீர்கள்?” “கஷ்டமா இருக்கு.”
“இன்றைய ஆட்டத்தைப் பற்றிக் கூறுங்கள்.” “ஓகேதான்.”
“தற்காப்பில் ஏற்பட்ட குழப்பமும் பயிற்றுநர் செய்த மாற்றங்களும்தான் தோல்விக்குக் காரணமா?” “இல்ல.”
“ரசிகர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?” “தேங்க்ஸ்.”
“அடுத்த ஆட்டத்தில் வெற்றி நிச்சயம்தானே?” “ட்ரை பண்றோம்.”

இப்படித் திமிராகப் பேசுபவர்களை எப்படிச் சமாளிப்பது? கேள்விகளை முன்கூட்டியே அனுப்பலாமா? எழுதியதைப் பிரசுரத்துக்கு முன் காட்டச் சொன்னால் காட்டலாமா? கட்டுரையின் சுட்டியை இணைத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம், தெம்பனிஸ்

அன்புள்ள தம்பி,

நாற்பது நிமிடம் நின்றீர்களே, அதற்கே ஒரு சபாஷ். பலர் சமூக ஊடகத்தில் வந்ததை வெட்டி ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கேட்டதையும் கிடைத்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இந்தப் பதில்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். கேள்விகளை அனுப்பாதீர்கள், எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். கட்டுரையைக் காட்டாதீர்கள். எண்ணும் பெயரும் சரியா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள், அது போதும்.

இனி ‘திமிர்’. இந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். முரண்டு பிடிக்கும் ஆட்டக்காரர் என்றதும் எல்லாரும் அமெரிக்கக் காற்பந்தின் மார்ஷான் லிஞ்சைச் சொல்வார்கள். 2015 சூப்பர் பவுல் இறுதியாட்டத்துக்கு முந்திய ஊடக நாளில், அபராதம் விழக்கூடாது என்றுதான் வந்தேன் என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னவர். மான்செஸ்டர் யுனைடெட்டின் அலெக்ஸ் ஃபெர்குசன் 2004 முதல் 2011 வரை பிபிசியோடு பேசவே இல்லை. டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாக்கா 2021 பிரெஞ்சுப் பொதுவிருதில் செய்தியாளர் கூட்டத்துக்கு வராததால் 15,000 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. அவர்களெல்லாம் பேச மாட்டேன் என்று முடிவெடுத்தவர்கள். உங்கள் பையன் நின்றார். ஐந்து கேள்விக்கும் பதில் சொன்னார். மொத்தம் ஏழு சொல், சரி. ஆனால் நீங்கள் கேட்டதில் ஏழு சொல்லுக்கு மேல் எதற்கு இடமிருந்தது?

“எப்படி உணர்கிறீர்கள்?” இந்தக் கேள்வியை நம் விளையாட்டுப் பக்கங்களிலிருந்து யாராவது குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போனால் நன்றாக இருக்கும். இது தமிழே இல்லை. சொற்கள் தமிழ், கேள்வி வேறு மொழியுடையது. விளையாடிவிட்டு முழங்காலில் ரத்தத்தோடு வரும் பிள்ளையிடம் எந்தத் தமிழ் வீட்டிலாவது “எப்படி உணர்கிறாய்?” என்று கேட்பார்களா? “என்னடா ஆச்சு?” என்பார்கள். அவன் நடந்ததைச் சொல்லத் தொடங்குவான், அழுகை நடுவில் தானாக வரும். நடந்ததைக் கேட்டால் மனசு பின்னாலேயே வரும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தெரியும். செய்தியாளர்களுக்குத்தான் தெரிவதில்லை.

இதில் நம் சிங்கப்பூருக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்த இருபது வயதுப் பையனிடம் “கூறுங்கள்”, “விரும்புகிறீர்கள்” என்று கடைசியாகப் பேசியது யார்? பள்ளியில் வாய்மொழித் தேர்வு நடத்திய ஆசிரியர். காணொளியைக் காட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்து, கையில் மதிப்பெண் தாளோடு. அந்தத் தமிழ் காதில் விழுந்ததும் இவர் மறுபடி தேர்வறையில் உட்கார்ந்துவிடுகிறார். பிழை விட்டால் மதிப்பெண் போகும், ஆகவே சின்னதாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வோம். நீங்கள் திமிர் என்று நினைத்தது பெரும்பாலும் அந்தப் பயம்தான்.

இன்னொன்று. அவர் காற்பந்தைத் தமிழில் யோசிப்பதில்லை. பயிற்சி ஆங்கிலத்தில். மார்க்கிங், செகண்ட் பால், லைன் எல்லாம் ஆங்கிலத்தில்தான் தலைக்குள் ஓடும். “தற்காப்பில் ஏற்பட்ட குழப்பம்” என்றால் அதை அவர் முதலில் மொழிபெயர்க்க வேண்டும், பிறகு தன் மேல் விழும் பழியா என்று பார்க்க வேண்டும், பிறகு பயிற்றுநரை மாட்டிவிடாத பதிலைத் தேட வேண்டும். அத்தனையும் இரண்டு நொடியில். “இல்ல” என்றதே பெரிய விஷயம். அதோடு அந்தக் கேள்வியில் இரண்டு கேள்விகள், முடிவில் ஓர் ‘ஆ’. ‘ஆ’வில் முடியும் கேள்விக்கு ஆமாம், இல்லை தவிர வேறு பதில் வராது. ‘தானே’வில் முடிந்தால் அதுகூட வேண்டியதில்லை, தலையாட்டல் போதும். இஎஸ்பிஎன் விளையாட்டுத் தொலைக்காட்சியில் பேட்டிக் கலை கற்பித்த கனடியர் ஜான் சவாட்ஸ்கியும் இதைத்தான் சொன்னார்: என்ன, எப்படி, ஏன் என்று கேள். ஒரு நேரத்தில் ஒன்றைக் கேள். உன் கருத்தை அதற்குள் செருகாதே.

‘எப்படி’யும் அந்தப் பட்டியலில் இருக்கிறதே என்று மடக்காதீர்கள். “அந்தப் பந்தை எப்படித் தடுத்தீங்க?” என்பதற்கும் “எப்படி உணர்கிறீர்கள்?” என்பதற்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் பேனாவை மூடிவிடலாம்.

என்ன கேட்டிருக்கலாம்? ஆட்டம் நடக்கும்போதே அவர் இருந்த ஒரு தருணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: நிமிடம், திடலில் எந்தப் பக்கம், அருகில் எந்த எண் சட்டை. கோல் விழுந்த நொடியை விட்டுவிடுங்கள், அதற்குப் பத்து நொடி முன்னால் போங்கள். “ரெண்டாவது கோலுக்கு முன்னாடி அந்தக் கார்னர் வந்தப்ப, நீங்க யாரை மார்க் பண்ணிட்டு இருந்தீங்க?” இதற்கு ஒரு சொல்லோடு நிறுத்தவே முடியாது. ஒன்பதாம் எண் என்பார். அப்புறம் அவன் எங்கே ஓடினான், யார் கத்தினார்கள், கோல்காப்பாளர் வெளியே வருவார் என்று நினைத்தாரா என்று வரும். அவர் நிறுத்தியதும் நீங்கள் பாயாதீர்கள். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த மௌனத்தை அவராலும் தாங்க முடியாது. நல்ல வரி பெரும்பாலும் அங்கேதான் விழும்.

ஓட்டக்காரர்களிடமும் இதே கதைதான். 2023இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் சாந்தி பெரேரா 200 மீட்டரை 23.03 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். 1974க்குப் பிறகு திடல்தடத்தில் சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டித் தங்கம். “49 ஆண்டுக்குப் பிறகு தங்கம், எப்படி உணர்கிறீர்கள்?” என்றால் நம் குறிப்பேட்டுக் கணக்கை அவர் தலையில் ஏற்றுகிறோம். அந்த 49 ஆண்டை அவர் ஓடவில்லை. 200 மீட்டரில் வெளித்தடத்தில் நிற்பவர் முன்தள்ளித் தொடங்குவார். எட்டாம் தடத்துக்காரருக்கு வளைவு முழுக்க யாரும் கண்ணில் பட மாட்டார்கள், உள்தடத்துக்காரருக்கு எல்லாரும் முன்னால் தெரிவார்கள். ஆகவே தடத்தைப் பார்த்துவிட்டு, “வளைவு முடியிறப்ப பக்கத்துல யாரு தெரிஞ்சாங்க?” என்று கேட்டால் ஓட்டம் முழுவதும் கிடைக்கும். பெரிய போட்டிகளில் உரிமை பெற்ற ஒளிபரப்பாளர்களுக்குத்தான் முதலிடம், எழுத்துச் செய்தியாளர்கள் வரிசையின் கடைசியில். நம் முறை வருவதற்குள் ‘உணர்வு’க் கேள்விக்கு அவர் பல தடவை பதில் சொல்லி முடித்திருப்பார்.

உங்கள் கட்டுரையையும் படித்தேன். அதைப் படித்த பிறகுதான் கோபம் வந்தது. பையன் சொன்னது “கஷ்டமா இருக்கு.” நீங்கள் அச்சிட்டது: “இத்தோல்வி எங்களுக்குப் பெரும் மனவேதனையை அளித்துள்ளது. இதிலிருந்து பாடம் கற்று மீண்டெழுவோம்.” மேற்கோள் குறிக்குள்! தம்பி, இது மொழிநடையைச் சீர்செய்வது அல்ல, பொய். ‘மீண்டெழுவோம்’ என்று அவர் எங்கே சொன்னார்? அவர் வீட்டில் யாராவது தமிழ் படிக்கிறவர் அதை வாசித்துக் காட்டியிருப்பார். அடுத்த தடவை அவர் ஏழு சொல்கூடப் பேச மாட்டார். எப்படியும் நீங்களே எழுதிக்கொள்ளப் போகிறீர்கள், அவர் எதற்குப் பேச வேண்டும்?

சொன்னதைச் சொன்னபடி போடுங்கள். ‘மார்க் பண்ணேன்’ என்றால் அதுவே இருக்கட்டும், வாசகருக்குப் புரியும். முழுக்க ஆங்கிலத்தில் சொன்னால், ஆங்கிலத்தில் சொன்னார் என்று குறிப்பிட்டு, மேற்கோள் குறி இல்லாமல் சாரத்தை எழுதுங்கள்.

பையனைத் திரும்பப் பார்க்க முடியுமா என்று முயலுங்கள். ஆட்டம் முடிந்த கையோடு வேண்டாம், பயிற்சி முடிந்து காலணி கழற்றும் நேரத்தில் போங்கள். முதலில் அந்த மேற்கோளுக்கு மன்னிப்புக் கேளுங்கள். பிறகு ஒன்பதாம் எண்காரனைப் பற்றிக் கேளுங்கள். கைத்தொலைபேசியில்தான் பதிவு செய்வீர்கள் என்று நினைக்கிறேன். ஏரோப்ளேன் மோடில் போட்டுக்கொள்ளுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகலாம்.

அன்புடன்,
அக்கா